மந்திரி என்ற சேவலின் படம்

போன சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கச் சேவல்கள். பயப்பட வேண்டாம், எல்லாம் காகிதச் சேவல்கள்தான். கோச்சடையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் நாய் வளர்க்கவே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், உயிருள்ள சேவலுக்கு எங்கே போவது? ஏழாம் வகுப்புப் படிக்கிற என் மகள் நிலாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு பறவை என்று பிரித்ததில் இவளுக்கு வந்தது சேவல். 'உலகக் கலைகளிலும் பண்பாட்டிலும் சேவல்' என்று சார்ட்டின் தலையில் பட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். மயில் கிடைத்த பக்கத்து பெஞ்சுப் பிள்ளை மேல் அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நான் சோபாவில் சாய்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருந்தேன். அவள் வெட்டி ஒட்டிக்கொண்டே சத்தமாகப் படித்தாள். பிரான்ஸ்காரர்கள் விளையாடப் போட்டுக்கொள்ளும் சட்டையில் சேவல். சீனாவில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சேவல் வருஷம். ஜப்பானில் குகைக்குள் ஒளிந்துகொண்ட சூரியனைக் கூவி வெளியே வரவழைத்த சேவல். ஐரோப்பாவில் சர்ச் கோபுரத்து உச்சியில், காற்று அடிக்கிற பக்கம் திரும்பி நிற்கும் இரும்புச் சேவல். நம்ம ஊருக்கு முருகன் கையில் இருக்கிற கொடி. அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது.

"அப்பா, இதக் கேளுங்களேன். போர்ச்சுகல்ல ஒருத்தர் மேல பொய்யாப் பழி போட்டுத் தூக்குல போடப் போனாங்களாம். ஜட்ஜ் சாப்ட உக்காந்திருந்தாராம். இவரு போயி, 'நான் தப்புப் பண்ணலைன்னா உங்க தட்டுல கெடக்குற சேவல் எந்திரிச்சுக் கூவும்'னு சொன்னாராம். வறுத்து வச்ச சேவல் எந்திரிச்சுக் கூவிருச்சாம்ப்பா!"

சமைத்த சேவல் கூவினால் அது யார் வீட்டு மசாலா என்று கேட்டுக் கிண்டல் பண்ணியிருக்க வேண்டிய தகப்பன் நான். எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவள் அடுத்த கேள்வியை வைத்திருந்தாள்.

"நடுவுல ஒட்டப் பெரிய படம் வேணும்ப்பா. நெட்ல இருக்குறது எல்லாம் மங்கலா வருது. நீங்கதான் அந்தக் காலத்துல டிசைன் வேலை பாத்தீங்களே, நல்ல சேவல் படம் இல்லையா?"

"பழைய ஹார்ட் டிஸ்க்குல இருக்கும், பாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அதற்குள் அவள் அலமாரியைத் திறந்து, டிஸ்க்கைத் துடைத்து, லேப்டாப்பில் மாட்டியிருந்தாள். அது விர்ரென்று சுற்றத் தொடங்கியது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. என் புத்தி எப்போதும் அப்படித்தான், தேவைப்படுகிற நேரத்தில் கையை விரித்துவிடும்.

அவள் அச்செடுத்த படங்களிலிருந்து மை வாசம் வந்துகொண்டிருந்தது. லேசான வாசம்தான். ஆனால் எனக்கு அது போதும். பிளெக்ஸ் அடிக்கிற மிஷினின் மை வாடை தெரியுமா உங்களுக்கு? பெயின்ட்டும் இல்லை, பெட்ரோலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. சட்டையில் ஏறினால் மூன்று தடவை துவைத்தாலும் போகாது. ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டின் மேல் ஒரு பிளெக்ஸ் கடையில் நான்கு வருஷம் அந்த வாடையில் இருந்தேன். கல்யாணத்துக்கு முந்திய வருஷங்கள். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து இறங்குவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் மூக்கைச் சுளித்தால், நான் ஒரு கலைஞனாக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

முதலாளி சேகரண்ணன் நல்ல மனிதர், ஆனால் எதற்கெடுத்தாலும் பயம். கரண்டு போனாலே அவருக்கு வேர்க்கும். எனக்கு அடுத்த கம்ப்யூட்டரில் ஜெசிந்தா. சர்ச் கல்யாணம், புதுநன்மை, ஆண்டுவிழா எல்லாம் அவள் பாடு. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கிடாவெட்டு, கண்ணீர் அஞ்சலி என் பாடு. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற எந்தப் படத்தையும் சும்மா விடுவதில்லை. பின்புலத்தை நீக்கி, உருவத்தை மட்டும் வெட்டி எடுத்து, பெயர் போட்டுத் தனியாகச் சேமித்துவிடுவோம். குத்துவிளக்கு, வாழைமரம், சிங்கம், ஆகாயவிமானம், தலைவர்கள், குழந்தைகள், எல்லாம் ஒரு ஃபோல்டரில். அவசர ஆர்டர் வந்தால் அதிலிருந்து அள்ளிப் போட்டுவிடலாம். ஒரு மனிதருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு வெட்டி வைத்த முகத்தையே அவருடைய கண்ணீர் அஞ்சலிக்கும் வைத்திருக்கிறேன். அதே சிரிப்பு. பார்த்தவர்கள் அழுதார்கள்.

அப்படி ஒரு பொங்கல் கழிந்த மறுவாரம் ராசண்ணன் கடைக்கு வந்தார். ஒத்தக்கடையைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஓர் ஊர். பெயர் எதற்கு, இருக்கட்டும். அந்த ஊரின் மேலத்தெருவில் வயலும் மோட்டாரும் உள்ள பெரிய குடும்பம் அவருடையது. வெள்ளை வேட்டி, கையில் கல் வைத்த மோதிரம், கக்கத்தில் ஒரு சேவல். கழுத்து பொன் நிறம், வால் கறுப்பு, வாலில் ஒற்றை வெள்ளை இறகு. கொண்டையில் இடது பக்கம் ஒரு சின்ன வெட்டு.

"பேரு மந்திரி. ஒரே நாள்ல மூணு சேவலச் சாச்சிருக்கான். இவனுக்கு ஒரு பிளெக்ஸு போடணும் தம்பி. அவன் கண்ணு அப்படியே விழுகணும்."

பொங்கலுக்குப் பொங்கல், வெயில் ஏறுவதற்கு முந்தி, ஒரு தோப்பில் காலில் கத்தி கட்டாமல் விடுகிற சேவல் சண்டை அது. சேவலுக்குப் பிளெக்ஸ் என்பது எனக்குப் புதிது. கடையின் வெள்ளை டைல்ஸ் தரையில் மந்திரியை இறக்கிவிட்டு, கடைக் கேமராவோடு நான் முட்டி போட்டு ஊர்ந்தேன். மந்திரி நகரவில்லை. கழுத்தைத் திருப்பி, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. கோழிகளுக்கு முகம் எங்கே, பார்வை எங்கே என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த ஒற்றைக் கண் என்னை எடை போட்டது. நல்ல படம் விழுந்தது. ஓரத்தில் ராசண்ணனின் மோதிரக் கையும் விழுந்திருந்தது. கிளம்பும்போது அவர் என் ஊரையும் அப்பா பெயரையும் கேட்டார். சொன்னேன். "அட, நம்ம பயதானா" என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டு எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வழக்கப்படி மந்திரியை வெட்டிச் சேமித்தேன். அடுத்த ஒரு வருஷம் அது உழைத்த உழைப்பை என்னவென்று சொல்வது! நத்தம் பக்கம் ஒரு பிரியாணிக் கடை, திண்டுக்கல் ரோட்டில் நாட்டுக்கோழிப் பண்ணை, ஒரு குடும்பத்தின் குலதெய்வக் கும்பிடு. எங்கே சேவல் வேண்டுமென்றாலும் மந்திரிதான். எனக்கு அது ராசண்ணனின் சேவல் என்பதே மறந்துபோனது. அது வெறும் சேவல். கணபதி போட ஒரு படம், லட்சுமி போட ஒரு படம் என்கிற மாதிரி சேவலுக்கு ஒரு படம்.

ஒருநாள் ஜெசிந்தா ஒரு சர்ச் ஆண்டுவிழாவுக்குக் கோபுரம் வரைந்துகொண்டிருந்தாள். வெளிநாட்டுக் கோபுரம், உச்சியில் சேவல். என் மந்திரியைக் கடன் கேட்டாள். "சிலுவைக்குப் பக்கத்துல சேவலுக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். அவள் மவுஸை விடாமலேயே சொன்னாள்.

"ஆண்டவரப் பிடிச்சுட்டுப் போன அன்னைக்கு, கூடவே இருந்த சீடர் ஒருத்தர் பயந்துட்டாருண்ணே. 'இந்த ஆளத் தெரியுமா'ன்னு கேட்டதுக்குத் தெரியாதுன்னுட்டாரு. மூணு தடவ. மூணாவது தடவ சொல்லி வாய மூடல, சேவல் கூவிருச்சு. வெளிய போயி அப்படி அழுதாராம். அத ஞாவகம் வச்சுக்கத்தான் மேல சேவல வச்சிருக்காங்கன்னு எங்க வீட்ல சொல்லுவாங்க."

"பாவம், பயந்தாங்கொள்ளி சீடர்" என்று சிரித்தேன். எனக்கென்ன, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சிரிக்கிறவனுக்கு யாரும் பயந்தாங்கொள்ளிதான்.

இப்போது முனியைச் சொல்ல வேண்டும். முனியாண்டி என் பாலிடெக்னிக் கூட்டாளி. மூன்று வருஷம் ஒரே பெஞ்சு. ராசண்ணனின் ஊரேதான் அவனுக்கும், ஆனால் மேலத்தெரு இல்லை, கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் காலனி. அவன் அப்பா காலத்தில் அவன் வீட்டார் மேலத்தெரு வயல்களில் கூலிக்கு நின்றவர்கள். முனி வயரிங் வேலை பார்த்துக்கொண்டே போலீஸ் வேலைக்குத் தயார் பண்ணினான். எழுத்துத் தேர்வு முடிந்தது, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் முடிந்தது. பாக்கி ஒன்றே ஒன்று: ஸ்டேஷனில் ஆள் மேல் கேஸ் ஏதும் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள், அது. "அது ஒண்ணும் இல்ல மாப்ள. எம்மேல எறும்பு கூட கேஸ் குடுக்காது" என்பான். காலனியிலிருந்து காக்கிச்சட்டை போடப்போகிற முதல் ஆள் அவன். அவன் அம்மா என்னை உட்காரவைத்து அயிரைமீன் குழம்பு ஊற்றிக்கொண்டே, "எம்மகன் வேலைக்குப் போய்ட்டான்னா எங்கள ஒருத்தரும் நாக்கு மேல பல்லப் போட்டுப் பேச மாட்டாக தம்பி" என்று சொன்னார்கள். அந்தக் குழம்பை எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

அடுத்த தை வந்தது. பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முனி கடைக்கு வந்தான். காலனியிலிருந்து முதன்முதலாகப் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புகிறார்கள். பதினேழு பேர்.

"மாப்ள, பத்துக்கு எட்டுல ஒண்ணு போடு. முருகன் பெருசா நிக்கணும். கையில வேல், பக்கத்துல கொடி. கொடில சேவல் பளிச்சுன்னு தெரியணும்டா."

"உன் படத்த எங்க போட?"

"ஓரத்துல சின்னதா போடு. எல்லாரும் இருக்கோம்ல."

நான் கேட்பேனா? கூட்டாளிக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அவன் கும்பிட்டபடி நிற்கிற படத்தைப் பெரிதாக முன்னால் வைத்தேன். கீழே பதினேழு பெயர்களில் அவன் பெயரை முதலில், மற்றவற்றைவிடத் தடித்த எழுத்தில் போட்டேன். கொடிக்குள் மந்திரியை இறக்கினேன். முருகனைப் பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று வலம் இடமாகத் திருப்பிப் போட்டேன். அச்சடிக்கும் முன் பார்க்கட்டும் என்று போனில் ப்ரூஃப் அனுப்பினேன். பத்துக் கும்பிடு கைகளைத் திருப்பி அனுப்பினான்.

எனக்குத் தெரியாத ஒன்று அதற்குள் நடந்திருந்தது. பத்து நாளைக்கு முந்திய பொங்கல் சண்டையில் மந்திரி தோற்றுப்போனது. தோற்ற சேவலை ஜெயித்தவரிடம் விட்டுவிட்டு வர வேண்டும், அது அந்த விளையாட்டின் சட்டம். அப்படி வாங்குகிற சேவலுக்குக் கோச்சை என்று பெயர். அன்றைக்கே குழம்பு வைத்துவிடுவார்கள். ராசண்ணன் வெறும் கக்கத்தோடு ஊருக்குள் நடந்து வந்ததை மேலத்தெரு முழுக்கப் பார்த்திருக்கிறது. பத்து நாளாக யாரிடமும் பேசவில்லையாம். பதினோராம் நாள் காலையில், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கு பஸ் ஸ்டாப்பில், அவர் தினம் டீ குடிக்கிற கடைக்கு எதிரே, எட்டடி உயரத்தில் மந்திரி.

காலை பதினோரு மணி இருக்கும். கடை முன்னால் நான்கு பைக்குகள் வந்து நின்றன. ராசண்ணன் மட்டும் உள்ளே வந்தார். சத்தம் எதுவும் போடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனில் அந்தப் பிளெக்ஸின் படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"கொண்டையில வெட்டு. வால்ல ஒத்த வெள்ள எறகு. திருப்பிப் போட்டா எனக்குத் தெரியாதா தம்பி? நான் குஞ்சுலேர்ந்து வளத்தவன்."

சேகரண்ணன் மிஷினுக்குப் பின்னால் போய்விட்டார்.

"கொடியில இருக்குற சேவல் யாரு? சூரன். முருகன்ட்டத் தோத்தவன். தோத்தவனத்தான் கொடில வப்பாக. எம்புள்ள தோத்து இன்னும் பதினோரு நாளு ஆகல. அவனக் கொடில கட்டி, எம்மூஞ்சிக்கு நேரா தொங்க விட்டு, முன்னால ஒருத்தன் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறான். அம்புட்டுக் கொழுப்பு." அப்புறம் மெதுவாகக் கேட்டார். "இந்தப் படம் அவய்ங்களுக்கு எப்படிப் போச்சு? நீ குடுத்தியா?"

சொல்லியிருக்கலாம். தெரியாமல் போட்டுவிட்டேன் அண்ணே, என் தப்பு, அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு வாக்கியம். நான் அவர்கள் பார்வையில் 'நம்ம பய'. இரண்டு அடி விழுந்திருக்கும், அல்லது இரண்டு வசவோடு போயிருக்கும். முனியால் அந்தச் சேவலை அடையாளம் கண்டிருக்கவே முடியாது. காலனிக்காரர்களை அந்தத் தோப்புப் பக்கமே விட மாட்டார்கள். மந்திரியை அவன் ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. இதெல்லாம் அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் சொன்னேன்.

"இல்லண்ணே. அவங்களே பென்டிரைவ்ல கொண்டாந்தாங்க. நான் அப்படியே போட்டுட்டேன்."

"சரி" என்றார். ஸ்டூலைத் தூக்கி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். நான்கு பைக்கில் மூன்று கிளம்பியது. ஒன்று எதிர்ப் பக்க டீக்கடையில் போய் நின்றது.

சேகரண்ணன் வெளியே வந்து, "அந்தச் சேவல் படம் அம்புட்டையும் அழிச்சிரு. ஒண்ணு இருக்கக்கூடாது" என்றார். கடைக் கம்ப்யூட்டரில் அழித்தேன். அதற்கு முன் என் சொந்த டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டேன். டைல்ஸ் தரையும் மோதிரக் கையும் தெரிகிற அசல் போட்டோவையும் சேர்த்துத்தான். எதற்கு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நல்லவனாக ஆக ஒரு வாய்ப்பைக் கையில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேனோ என்னவோ.

ஜெசிந்தா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போட்டோ நீங்க எடுத்தப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். முனி அண்ணனுக்கு ஒரு போனாவது பண்ணிச் சொல்லிருங்க" என்றாள். போன் பண்ணினேன். முனி எடுக்கவில்லை, எங்கேயாவது வயரிங் வேலையில் இருந்திருப்பான். ஒரு மணிக்கு அவனே கூப்பிட்டான். டீக்கடையில் இருந்த ஆள் கடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். போன் மேசையில் நடுங்கி நடுங்கி நின்றது. 'பிளெக்ஸ கழட்டிரு மாப்ள' என்று மட்டும் மெசேஜ் தட்டினேன். 'ஏன்டா? எல்லாரும் சூப்பர்ங்கிறாய்ங்க' என்று பதில் வந்தது. அதற்கு நான் பதில் போடவில்லை.

சாயங்காலம் நான்கு மணி வாக்கில் அந்தப் பிளெக்ஸில் கொடிக்கு மட்டும் ஓட்டை விழுந்திருந்தது. முருகனைத் தொடவில்லை, முனியைத் தொடவில்லை. சேவல் இருந்த இடத்தை மட்டும் பிளேடால் சதுரமாக அறுத்து எடுத்திருந்தார்கள். ஓட்டை வழியாக அந்தப் பக்கத்து வேப்பமரம் தெரிந்ததாம். காலனிப் பையன்கள் பஸ் ஸ்டாப்பில் கூடினார்கள். யார் அறுத்தது என்று ஒரு கேள்வி, ஒரு வசவு, ஒரு கல். முனியின் சித்தப்பாவுக்குக் கை உடைந்தது. மேலத்தெருப் பையன் ஒருவனுக்குத் தலையில் தையல். முனி இரண்டு பக்கமும் கையைப் பிடித்து இழுத்து விலக்கிக்கொண்டிருந்தான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் காலனிப் பக்கம் யார் யார் என்று விசாரிக்கச் சிரமப்படவில்லை. பெயர்கள்தான் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தனவே. பிளெக்ஸைப் பார்த்தே எழுதிக்கொண்டார்கள். நான் தடித்த எழுத்தில் முதலில் போட்ட பெயர் எஃப்.ஐ.ஆரிலும் முதலில் ஏறியது. என் அன்பை நினைத்து நானே தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் ஒரு ஏட்டையா கடைக்கு வந்தார். டீக்கடையில் பைக் இன்னும் நின்றது.

"படம் யாரு குடுத்தது?"

"கஸ்டமர் பென்டிரைவ்ல கொண்டாந்தது சார்."

"இந்த முனியாண்டி உனக்குப் பழக்கமா?"

"இல்ல சார். கடைக்கு வருவாரு, போவாரு. அவ்வளவுதான். தெரியாது."

மூன்று வருஷத்துப் பெஞ்சு, அயிரைமீன் குழம்பு, எல்லாம் அந்தத் 'தெரியாது'க்குள் போய்விட்டது. எழுதி நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். ஜெசிந்தா தன் திரையை விட்டு நிமிரவே இல்லை. அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. அடுத்த மாதம் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

முனிக்கு ஜாமீன் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. விசாரணையில் கேஸ் இருக்கிறது என்று ஒரு வரி, முடிந்தது. நான்கு மாதம் கழித்து ஒருநாள் கடைக்கு வந்தான். திருப்பூர் போறேன் என்று சொல்ல வந்திருக்கிறான். முடி வளர்ந்திருந்தது. தேர்வுக்காக ஒட்ட வெட்டிய தலையாகவே அவனைப் பார்த்துப் பழகிய எனக்கு யாரோ மாதிரி இருந்தது. நான் டீ சொல்கிறேன் என்று எழுந்தேன். வேண்டாம் என்றான். வாசல்வரை போய்த் திரும்பினான்.

"ஸ்டேஷன்ல ஒங்க கடை எழுதிக் குடுத்தத வாசிச்சாங்க மாப்ள." பையைத் தோள் மாற்றிக்கொண்டான். "எங்கிட்ட என்னைக்குடா பென்டிரைவ் இருந்துச்சு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எனக்குப் பதில் தெரியுமா என்று கேட்கிற மாதிரி கேட்டான். நான் டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வாரேன்" என்று சொல்லிவிட்டு மேலூர் ரோட்டைக் கடந்து பஸ் ஏறினான். அதன் பிறகு வரவில்லை.

இதெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது? ஒத்தக்கடையில் அந்தக் கடை இருந்த இடத்தில் மேம்பாலத்துத் தூண் நிற்கிறது. சேகரண்ணன் தொழிலை விட்டுவிட்டார். ராசண்ணன் அதற்கப்புறம் சேவல் வளர்க்கவில்லை என்றும், தோப்பை பிளாட் போட்டு விற்றுவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். முனியின் வீடு பூட்டிக் கிடப்பதாகச் சொன்னார்கள். ஒரு தடவை போய்ப் பார்க்கலாம் என்று கண்மாய்க் கரைவரை பைக்கில் போய்விட்டு, அங்கிருந்தே திரும்பி வந்தேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"அப்பா, கெடச்சிருச்சு! செம சேவல்ப்பா!"

நிலா மந்திரியை அச்செடுத்து, சார்ட்டின் நடுவில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். அதே பொன் கழுத்து, அதே ஒற்றை இறகு, அதே கண். பிரான்ஸ் சேவலும் சீனச் சேவலும் சர்ச் சேவலும் சுற்றி நிற்க, தட்டிலிருந்து எழுந்து கூவிய போர்ச்சுகல் சேவலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. மந்திரியும் சமைத்த சேவல்தான். அதுவும் ஓர் ஆள் நிரபராதி என்று கூவியிருக்கலாம், கூவவிடாமல் இத்தனை வருஷம் அலமாரிக்குள் வைத்திருந்தேன்.

"கீழ பேரு எழுதணும்ப்பா. இது யாரு வீட்டுச் சேவல்?"

"தெரியலடா. நெட்ல எடுத்ததா இருக்கும்."

"நெட்ல எடுத்ததுல எப்படி ஒருத்தர் கை தெரியுது?" அசல் போட்டோவையும் திறந்துவிட்டாள். அடுத்ததாக அந்தப் பிளெக்ஸின் ப்ரூஃபையும் திறந்தாள். ஒட்ட வெட்டிய தலையோடு முனி கும்பிட்டுக்கொண்டு நின்றான். அவ்வளவு சின்னப் பையனாக இருந்திருக்கிறான்.

"இந்த அண்ணன் யாருப்பா? உங்க ஃப்ரெண்டா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வயசு. தன் அப்பாவைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம்தான் இருக்கிறது.

"இல்லடா. யாரோ கஸ்டமர். தெரியாது."

"ஓ" என்று சொல்லிவிட்டு அவள் பசை டப்பாவைத் திறந்தாள்.

எழுந்து பால்கனிக்குப் போனேன். நாங்கள் இங்கே குடிவந்த புதிதில் பின்பக்கம் தென்னந்தோப்பு இருந்தது. தோப்புக்காரர் வீட்டில் நான்கைந்து சேவல்கள் நேரங்காலம் இல்லாமல், மத்தியான வெயிலில்கூடக் கூவும். தூங்கவிடாமல் பண்ணுகிறது என்று அடுக்ககத்தில் எல்லாரும் சேர்ந்து மனு எழுதினோம். எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தவன் நான்தான். இப்போது அங்கே இன்னொரு அடுக்ககம், அதற்குப் பின்னால் இன்னொன்று. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வைகைப் பக்கம் பார்த்து, காதைத் தீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஒரு தண்ணீர் லாரி போனது. எங்கேயும் எந்தச் சேவலும் கூவவில்லை.